செவ்வாய்க்கிழமைக் கடல்

செலின் இருக்கும் ஊரின் பெயரை
இங்கே எழுதமாட்டேன்.
கூட்டம் வந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.
இங்கிலாந்தின் ஓரத்தில்
ரயில் போய் முடிகிற இடம்.
அதற்கப்புறம் தண்டவாளத்துக்குத் தரை இல்லை.

முதியோர் இல்லத்தில் இரவுப்பணி.
விடிந்ததும் கடலோரம் நடந்தபடியே
குரல் அனுப்புவாள்:
"இன்னைக்கும் ஒண்ணும் நடக்கலடி.
கடல் எங்கயோ உள்ள போயிருக்கு.
ரெண்டு பேரு காருக்குள்ளயே உக்காந்து
பிளாஸ்க் டீ குடிச்சிக்கிட்டு
கண்ணாடி வழியா அலையப் பாக்கறாங்க.
எறங்கவே இல்ல."
அவள் குரலுக்குப் பின்னால் காற்று,
காற்றுக்குப் பின்னால் ஒரு பறவை,
எண்ணெய் காணாத கப்பி மாதிரி.

நான் அதைச் செவ்வாய்ப்பேட்டையில் கேட்பேன்.
ஜவ்வரிசி மண்டியில்
மூட்டை விழும் சத்தத்துக்கும்
லாரி பின்னால் வரும் பாட்டுக்கும் நடுவே
ஒரு காதில் செலின்,
மறு காதில் ஈரோட்டுப் பார்ட்டி.
'ஒண்ணும் நடக்கல' என்பது
இவ்வளவு இனிக்கும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

விசாவுக்கு எழுதினேன்.
பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டிருந்தது.
வேடிக்கை பார்க்க என்று எழுதலாம்.
அங்கே வேடிக்கையே இல்லை,
அதற்காகத்தான் போகிறேன்,
இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?
ஏஜென்ட் மாதேஸ்வரன்
'சுற்றுலா' என்று தட்டிவிட்டார்.
ஆறு வாரம் கழித்து உறை வந்தது.
நான் திரும்பி வருவேன் என்பதில்
அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம்.
யோசித்துப் பார்த்தால்
எனக்கும் இல்லை.

ஆடி மாதம். ஒரு செவ்வாய்.
மண்டிக்குப் பல்வலி என்று சொல்லிவிட்டு
ஏற்காடு பஸ் ஏறினேன்.
பன்னிரண்டாவது கொண்டை ஊசியில்
காது அடைத்தது.
மண்டி அங்கேதான் இறங்கிக்கொண்டது.

சீசன் முடிந்த ஊர்.
படகுகள் சங்கிலியில்.
வாத்துப் படகு ஒன்றின் வயிற்றில் மழைத்தண்ணீர்,
அதில் ஒரு சில்வர் ஓக் இலை
தனக்கான ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தது.
டிக்கெட் கூண்டில் சடையன்
ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு
"இன்னைக்குப் படகு இல்லிங்க" என்றார்.
பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.
எதை என்று கேட்கவில்லை.
நல்ல மனிதர்.
வெயில் இருந்திருக்க வேண்டிய பக்கமாக
நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்.

அப்புறம் மிளகாய் பஜ்ஜி.
பத்துக் கடையில் ஒரு கடைதான் எரிந்தது.
காகிதத்தில் எண்ணெய், விரலில் சூடு,
முகத்தில் ஈரக்காற்று.
செலின் வாங்கித் தின்னும் மீன் பொரியலும்
இப்படித்தான் ஆறிப்போகும் போல, அவசரமாக.

லேடீஸ் சீட்டில் யாருமில்லை.
கம்பியைப் பிடித்துக் குனிந்தால்
சேலம் இல்லை.
அடிவாரம் தொட்டுக் கஞ்சமலை வரை
ஒரே வெள்ளை.
ஐந்து ரோடு முழுகிவிட்டது.
உருக்காலை முழுகிவிட்டது.
மண்டியும், மாடி கட்டிய கடனும்,
ஒன்பது மாதமாக இழுக்கும் ஒரு வரவு பாக்கியும்
எத்தனை ஆள் ஆழத்தில் கிடக்கின்றனவோ.
மெல்ல ஏறி வந்து
என் காலடிப் பாறையைத் தொட்டது.
பின்வாங்கியது.
மறுபடி வந்தது.

எங்கள் ஊருக்குக் கடல் இல்லை என்று
பூகோள வாத்தியார் சொன்னது
அவர் விடுமுறையில் வந்து பார்த்துச் சொன்னது.
ஞாயிற்றுக்கிழமை வந்தால் அது எப்படி இருக்கும்?

போனை நீட்டி
ஒரு நிமிடம் பிடித்தேன்.
நான் எதுவும் பேசவில்லை.
அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது:
"எந்த பீச்சுடி இது? காத்து இப்படி அடிக்குது?"

எழுத ஆரம்பிப்பதற்குள் முதலாளி கூப்பிட்டார்.
"பல் எப்படிம்மா இருக்கு?"
பிடுங்கியாச்சு சார், என்றேன்.
இரைச்சலில்
அவருக்குக் கேட்டதோ என்னவோ.
கீழே உருக்காலைப் புகைபோக்கி மட்டும்
மூச்சு வாங்க
தலையை வெளியே நீட்டியது.